சொச்சம் எவ்வளவு?

வைகறைத் தொழுகை முடித்து வெளியே வருகிறோம். ஜலகண்டாபுரத்தின் தெருக்களில் இருள் இன்னும் முழுமையாக விலகவில்லை. ஆயினும் ஊர் விழித்துக்கொண்டுவிட்டது. ஏதோ ஒரு வீட்டில் விசைத்தறி ஓடத் தொடங்குகிறது. அதற்கு மறுமொழி கூறுவதுபோல் அடுத்த தெருவில் மற்றொரு தறி ஒலிக்கிறது. சேலம் மாவட்டத்தின் இந்த நெசவாளர் ஊரில் பொழுது விடிவதைச் சேவல் அறிவிக்கும் முன்பே தறி அறிவித்துவிடும்.

அந்த வேளையில் நங்கவள்ளி செல்லும் சாலையில் ஓர் இளைஞர் ஓடிக்கொண்டிருப்பதை நாம் பல மாதங்கள் கண்டோம். தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோர் தொடக்கத்தில் கேலி பேசினர். "துரத்துகிறவன் யார்? பின்னால் ஒருவரையும் காணோமே!" என்றார் ஒருவர். "சர்க்கரை நோயா தம்பி?" என்று பரிவோடு விசாரித்தார் மற்றொருவர். நோய்க்கு அஞ்சி ஓடலாம்; நாய்க்கு அஞ்சி ஓடலாம். இவ்விரண்டும் இல்லாமல் ஒருவன் நாள்தோறும் ஓடுவானாயின் அதற்குக் காரணம் என்ன என்பது ஊராருக்கு விளங்கவில்லை.

நமக்கு மட்டும் விளங்கிவிட்டது என்று கூறமாட்டோம். அவர் நமக்கு நீண்ட காலம் பழக்கமான நெசவாளப் பெரியவர் ஒருவரின் மகன். வயது முப்பத்தாறு. சேலத்தில் கணக்கர் வேலை. பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் உறங்கச் செல்லாதவர். ஒரு நாள் அவரை நிறுத்திக் காரணம் கேட்டோம். "நாலு மணி நேரம் மாமா" என்றார். "சென்னையில் நடக்கும் மாரத்தானை நாலு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவ்வளவுதான்."

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஓட்டம். சேலத்திலிருந்து ஜலகண்டாபுரம் வரையுள்ள சாலையைக் காட்டிலும் நீண்ட தொலைவு. அதனை நான்கு மணி நேரத்தில் கடக்க வேண்டுமானால் ஒவ்வொரு கிலோமீட்டரையும் சராசரியாக 5 நிமிடம் 41 விநாடியில் கடந்துகொண்டே இருத்தல் வேண்டும். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களுக்கு இதில் ஏறக்குறைய பாதி நேரமே போதும். 2023ஆம் ஆண்டு சிகாகோ நகரில் கென்ய நாட்டு கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடிகளில் ஓடி முடித்தார். நம் நாட்டின் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடங்களில் ஓடினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியர் எவராலும் அந்த நேரத்தை முறியடிக்க இயலவில்லை. இத்தகையோரோடு போட்டியிடும் எண்ணம் நம் இளைஞருக்குக் கனவிலும் இல்லை. நான்கு மணிக்கு ஒரு நிமிடம் முன்னதாக முடித்தால் அவருக்குப் பரிசளிப்பாரும் இல்லை. ஒரு நிமிடம் பிந்தி முடித்தால் அவரிடமிருந்து எதையும் பறிப்பாரும் இல்லை.

அப்படியாயின் இந்த இலக்குக்கு என்ன பொருள்? எவருக்கும் தீங்கில்லாத, எவருக்கும் நேரடிப் பயனும் இல்லாத ஓர் எண்ணை ஒரு மனிதன் தனக்கென வகுத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடுவது நற்பண்பா, அல்லது வீண் பெருமையா? இதுவே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா.

கோடு போட்டவர் யார்?

முதலில் அந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 42 கிலோமீட்டர் 195 மீட்டர் என்பதில் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானின் தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டரே. 1908இல் இலண்டனில் நடந்தபோது, விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியுமாறு பாதை வகுத்தார்கள். அதனால் வந்து சேர்ந்ததே இந்தத் தொலைவு. 1921இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. நான்கு மணி நேரம் என்பதும் அவ்வாறே. நாளை இருபத்து நான்கு கூறாகவும் மணியை அறுபது கூறாகவும் பகுத்த முன்னோர் வேறு விதமாகப் பகுத்திருப்பார்களேயானால், நம் இளைஞரின் இலக்கும் வேறாகியிருக்கும்.

கோடு மனிதன் போட்டது. ஆனால் போட்ட பிறகு அது மனிதனை ஆள்கிறது. அமெரிக்க ஆய்வாளர் நால்வர் ஏறத்தாழ 98 லட்சம் மாரத்தான் முடிவு நேரங்களைத் திரட்டி ஆராய்ந்து 2017இல் தம் ஆய்வை வெளியிட்டனர். அதில் ஒரு விந்தை புலப்பட்டது. மூன்று மணி, மூன்றரை மணி, நான்கு மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னதாக ஓடி முடித்தோர் திரளாக இருந்தனர்; சற்றுப் பின்னதாக முடித்தோர் அதைவிடக் குறைவாக இருந்தனர். உடலுக்கு மணிக்கணக்கு தெரியாது. காலின் தசைக்கு மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடமும் நான்கு மணி ஒரு நிமிடமும் ஒன்றே. ஆயினும் உள்ளம் கோட்டைக் கண்டுவிடுகிறது. கண்டதும், இனி இல்லை என்று ஓய்ந்த உடலிலிருந்து எஞ்சிய வலிமையைத் தேடி எடுத்துத் தருகிறது.

இதனை நம் மார்க்கம் அறிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். நேர்ச்சை செய்துகொள்ளுமாறு எவரும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் நல்ல காரியம் ஒன்றை நேர்ந்துகொண்டுவிட்டால் அதனை நிறைவேற்றுவது கடமையாகிவிடுகிறது. ஓட்டத்தின் இலக்கை நேர்ச்சைக்கு நிகரானது என்று நாம் கூற வரவில்லை. தானே விரும்பி இட்டுக்கொண்ட கட்டு, தானே இட்டதனால் தளர்ந்ததாகிவிடாது என்ற ஒன்றை மட்டும் சுட்டுகிறோம்.

பயனற்ற வேலை என்பார் சிலர். பயனை மட்டும் கொண்டு மனிதச் செயலை நிறுப்பதானால் குழந்தையைத் தோளில் தூக்கிச் சுற்றுவதும் பயனற்றதே. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்து ஓடியதை நாம் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அன்று அன்னையார் முந்தினார்கள். ஆண்டுகள் கழிந்து, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்தபின் மீண்டும் ஓடியபோது பெருமானார் முந்தினார்கள்; அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று மகிழ்வோடு கூறினார்கள். ஓட்டமும் விளையாட்டும் இழிவானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனவே ஓடலாமா என்பது கேள்வியன்று. ஓட்டம் ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

அத்தாவின் கேள்வி

நம் இளைஞர் முதல் முறை சென்னையில் ஓடிய கதையைக் கூறுவோம். அவர் புறப்பட்டபோது உடல் புத்துணர்வோடு இருந்தது. இருபுறமும் மக்கள் கைதட்டினர். முன்னே ஓடுவோரின் வேகம் அவரையும் இழுத்தது. திட்டமிட்ட வேகத்தை மறந்தார். முதல் 30 கிலோமீட்டரை 2 மணி 40 நிமிடங்களில் கடந்தார். கணக்குப்படி அவ்வளவு தொலைவுக்கு இன்னும் பத்து நிமிடங்கள் கூடுதலாக ஆகியிருக்க வேண்டும். பத்து நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று கணக்கரின் உள்ளம் மகிழ்ந்தது.

உடலின் பேரேடு வேறு விதமாக எழுதப்படுகிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படும் மாவுச்சத்து, வேகமாக ஓடும் மனிதனுக்குப் பெரும்பாலும் முப்பது கிலோமீட்டரையொட்டியே தீர்ந்துபோகும். அதன் பின்னர் உடல் கொழுப்பை எரித்து இயங்க வேண்டும். அது மெதுவாகவே எரியும். தொடக்கத்தில் எவ்வளவு விரைந்தோமோ அவ்வளவு முன்னதாகவே சேமிப்பு வற்றும். 32ஆவது கிலோமீட்டரில் அவருடைய கால்கள் கல்லாயின. நடந்தார், ஓடினார், மீண்டும் நடந்தார். எஞ்சிய 12 கிலோமீட்டருக்கு 1 மணி 39 நிமிடங்கள் பிடித்தன. ஆக மொத்தம் 4 மணி 19 நிமிடங்கள்.

ஊர் திரும்பினார். பள்ளித் தோழர்கள் கேட்டார்கள். தேநீர்க் கடையில் கேட்டார்கள். தொழுகைக்கு வருவோர் கேட்டார்கள். எல்லோருக்கும் அவர் ஒரே விடையை அளித்தார்: "நாலு மணிச் சொச்சம்." கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், தோளில் தட்டினார்கள். நினைத்ததைச் சாதித்துவிட்டார் என்றே எண்ணிக்கொண்டார்கள். அவர் எண்ண விட்டுவிட்டார்.

அவருடைய தந்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைத்தறியில் கூலிக்கு நெய்தவர். இப்போது கண் மங்கிவிட்டது, திண்ணையில் அமர்ந்திருக்கிறார். மகன் யாரிடமோ இவ்விடையைக் கூறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், வந்தவர் போனபின் மெதுவாகக் கேட்டார்: "சொச்சம் எவ்வளவு தம்பி?"

மகன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "பத்தொன்பது நிமிடம் அத்தா" என்றார்.

பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. "ஐந்தரை மீட்டர் என்று சொல்லிச் சேலையைக் கொடுத்துவிட்டு, ஐந்தேகால்தான் நெய்தேன் என்றால் முதலாளி என்னவென்று சொல்வார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை இளைஞரே நம்மிடம் கூறினார். கூறும்போது அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை நாம் கண்டோம். "நான் பொய் சொல்லவில்லை மாமா. நாலு மணிச் சொச்சம் என்பது உண்மைதானே?" என்றார். பின்னர் தாமே தலையை ஆட்டி மறுத்தார்.

அளவில் குறைத்தல்

திருமறையின் 83ஆம் அத்தியாயம், அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தொடங்குகிறது. பிறரிடமிருந்து பெறும்போது நிறைவாக அளந்து பெறுவதும், பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பதும் அவர்களுடைய இயல்பு. கடைத்தெருவின் படிக்கல்லுக்கும் முழக்கோலுக்கும் உரிய எச்சரிக்கை என்றே இதனை நாம் பெரும்பாலும் கருதிவிடுகிறோம். ஆனால் பாராட்டை நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, உண்மையைக் குறைத்து அளந்து கொடுப்பவனும் அந்த வரிசையில் நிற்பவனல்லவா?

மாரத்தானின் வரலாற்றில் இதற்கு இரு சான்றுகள் உள்ளன. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலி நாட்டு டொராண்டோ பியெத்ரி முதலாவதாக அரங்கினுள் நுழைந்தார். சோர்வினால் மதி மயங்கித் தவறான திசையில் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மீண்டும் மீண்டும் விழுந்தார். இரக்கமுற்ற அலுவலர்கள் அவரைத் தாங்கிப் பிடித்து எல்லைக் கோட்டைக் கடக்க உதவினர். பிறர் உதவி பெற்றதனால் அவருடைய வெற்றி செல்லாது என அறிவிக்கப்பட்டு, அடுத்து வந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்கே தங்கப் பதக்கம் அளிக்கப்பட்டது. பியெத்ரி உதவி கேட்டு ஏமாற்றியவர் அல்லர். அதனால் தோற்றும் அவர் இகழப்படவில்லை. மறுநாள் இங்கிலாந்து அரசி அவருக்கு ஒரு கிண்ணம் அளித்துச் சிறப்பித்தார்.

1980ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நடந்தது வேறு. ரோசி ரூயிஸ் என்னும் பெண்மணி 2 மணி 31 நிமிடம் 56 விநாடிகளில் பெண்களில் முதலாவதாக எல்லையைத் தொட்டார். மலர் முடி சூட்டப்பட்டார். ஆனால் வழியெங்கும் நின்றிருந்த கண்காணிப்பாளர்கள் ஒருவரும் அவரைக் கண்டதாகக் கூறவில்லை. முடிவெல்லைக்கு அருகில் கூட்டத்திலிருந்து பாதைக்குள் புகுந்தவர் என்பது விசாரணையில் தெரியவந்தது. எட்டு நாட்களில் பட்டம் பறிக்கப்பட்டு, முழுத் தொலைவையும் உண்மையாக ஓடிய கனடா நாட்டு ஜாக்குலின் காரோவுக்கு வழங்கப்பட்டது.

ரூயிஸின் செயலைப் படிக்கும்போது நாம் எளிதில் முகம் சுளிக்கிறோம். ஆனால் சிந்தித்துப் பார்த்தால், அவர் ஒளித்தது பல கிலோமீட்டர். நம் இளைஞர் ஒளித்தது பத்தொன்பது நிமிடம். அளவில் வேறுபாடு பெரிது. இரண்டும் ஒரே முழக்கோலால் அளக்கப்பட்டவையே. மேலும், ரூயிஸைப் பிடிக்க அலுவலர்கள் இருந்தனர். நம் இளைஞரைப் பிடிக்க எவரும் இல்லை. ஓடுவோரின் நேரத்தை விநாடி தவறாமல் குறிக்கும் சிறு கருவி இன்று உண்டு. முடிவுகள் எவரும் காணும்படி வெளியிடப்படுவதும் உண்மை. ஆனால் ஜலகண்டாபுரத்தில் அதைத் தேடிப் பார்ப்பவர் யார்?

தனக்கென வகுத்துக்கொண்ட இலக்கின் தனித்தன்மை இங்குதான் இருக்கிறது. பிறரோடு போட்டியிடுபவனைப் பிறரே கண்காணிக்கின்றனர். தன்னோடு போட்டியிடுபவனுக்கு நடுவரும் அவனே, எதிராளியும் அவனே. அவன் தோற்றதை மறைத்தாலும் எதிராளி முறையிடப் போவதில்லை. நோன்பாளியின் நிலையும் இதுதான். தனியறையில் ஒரு மிடறு நீரை அவன் பருகினால் உலகில் ஒருவருக்கும் தெரியாது. மாலையில் எல்லோரோடும் அமர்ந்து நோன்பு திறக்கலாம். எல்லோருடைய வாழ்த்தையும் பெறலாம். ஆயினும் நம் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன்கூடப் பருகுவதில்லை. வாய் கொப்பளிக்கும்போதுகூட ஒரு துளி உள்ளே இறங்கிவிடுமோ என்று அஞ்சுகிறான். எவரும் காணாத இடத்தில் அளவு பிசகாதிருக்க ஆண்டுக்கு ஒரு மாதம் பயிற்சி பெறும் சமுதாயம் நாம். எஞ்சிய பதினொரு மாதங்களில் அந்தப் பயிற்சி எங்கே போகிறது?

கடினமான ஓட்டம்

அடுத்த வெள்ளிக்கிழமை நம் இளைஞர் ஒரு செயல் செய்தார். முன்னர் யார் யாரிடம் "நாலு மணிச் சொச்சம்" என்று கூறினாரோ, அவர்களைத் தேடிச் சென்று, "நாலு மணி பத்தொன்பது நிமிடம். நினைத்தது நடக்கவில்லை" என்று கூறிவந்தார். சிலருக்கு அவர் என்ன கூறுகிறார் என்றே விளங்கவில்லை. "அதனால் என்ன தம்பி?" என்றார்கள். ஒருவர் மட்டும், "அப்போ அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்விக்கு நின்று விடையளித்ததே தம் வாழ்வில் கடந்த மிக நீண்ட தொலைவு என்று அவர் பின்னர் நம்மிடம் கூறினார். நாம் அதை நம்புகிறோம். கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கலாம். ஒப்புக்கொள்ளும் வலிக்கு மருந்து, ஒப்புக்கொள்வதைத் தவிர வேறில்லை.

இங்கு மற்றொரு கடனையும் பேச வேண்டும். வைகறையில் இவர் ஓடச் செல்லும்போது வீட்டில் இரு குழந்தைகளை எழுப்பி, குளிப்பாட்டி, உணவு கட்டிப் பள்ளிக்கு அனுப்புபவர் யார்? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓடிவிட்டு வந்து நண்பகல் வரை உறங்குபவரின் வீட்டுக் கடைவேலையைச் செய்பவர் யார்? முதல் ஆண்டில் இக்கேள்விகள் அவருக்கு எழவே இல்லை. அவருடைய மனைவி ஒரு நாள், "உங்கள் நாலு மணி நேரத்துக்கு நான் எத்தனை மணி நேரம் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு நாளாவது கணக்குப் பார்த்தீர்களா?" என்று கேட்டாராம். கணக்கர் கணக்குப் பார்த்தார், தலை குனிந்தார்.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கிவந்தார்கள். அதனை அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் ஒரு மனிதன்மேல் உரிமை உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டினார்கள். வணக்கத்திலேயே எல்லை வேண்டும் என்றால், ஓட்டத்தில் எல்லை வேண்டாமா? தன் இலக்கைப் பிறருடைய நேரத்தில் அடைந்துவிட்டு அதைத் தன் சாதனை என்று எழுதிக்கொள்வதும் அளவில் குறைத்தலின் ஒரு வகையே.

இரண்டாம் ஆண்டில் அவர் பயிற்சியை மாற்றிக்கொண்டார். ஓடும் நாட்களை வாரத்துக்கு நான்காகக் குறைத்தார். எஞ்சிய மூன்று வைகறைகளில் குழந்தைகளின் வேலை அவருடையதாயிற்று. குறைத்தாரே தவிர, அந்த நான்கு நாட்களில் ஒன்றையும் தவறவிடவில்லை. சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு உகந்தது என்று பெருமானார் கற்பித்ததன் பொருளை நாம் வணக்கத்துக்கு மட்டும் உரியதாகச் சுருக்கிவிடுகிறோம். உடலும் அதே சட்டத்தின்படிதான் வளர்கிறது. ஒரே நாளில் நாற்பது கிலோமீட்டர் ஓடியவனின் கால் முறியும். ஓராண்டு முழுதும் அளவாக ஓடியவனின் கால் உறுதிப்படும்.

வேகத்தைப் பற்றிய பாடத்தையும் அவர் திண்ணையிலிருந்தே கற்றார். தொடக்கத்தில் மிகுதியாக விரைந்து கெட்டேன் என்று அவர் கூறியபோது பெரியவர் சிரித்தாராம். "பாவு புதிதாக ஏறிய நாளில் கை துடிக்கும். அன்றைக்கு ஓங்கி அடித்தால் துணி நெருங்கிப்போகும். கை ஓய்ந்த நாளில் அடி தளர்ந்தால் துணி விரிந்துபோகும். பிரித்துப் பார்க்கிறவனுக்கு எந்த முழம் முதல் நாள் நெய்தது, எந்த முழம் கடைசி நாள் நெய்தது என்று தெரிந்துவிடும். அது தெரியாதபடி நெய்கிறவன்தான் நெசவாளி" என்றாராம். மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிப் பயிற்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரமும் இதுவே: முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒரே சீராக ஓடுக.

ஓடியவருக்குக் கிடைத்தது

இரண்டாம் முறை அவர் சென்னையில் ஓடியபோது முதல் பத்துக் கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கானோர் அவரைக் கடந்து சென்றனர். அவர் தம் அடியை மாற்றவில்லை. முப்பதாவது கிலோமீட்டருக்குப் பின், கடந்து சென்றவர்களில் பலர் நடந்துகொண்டிருப்பதைக் கண்டார். 3 மணி 58 நிமிடம் 11 விநாடிகளில் எல்லைக் கோட்டைத் தொட்டார்.

நாம் அவரை வாழ்த்தினோம். "மகிழ்ச்சிதான் மாமா. ஆனால் போன வருடம் நினைத்திருந்த மாதிரி இல்லை" என்றார். எப்படி இல்லை என்று கேட்டோம். "இதை அடைந்துவிட்டால் வேறு மனிதனாகிவிடுவேன் என்று நினைத்தேன். அடைந்த பிறகு பார்த்தால் மாற்றம் எல்லாம் அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டிருக்கிறது" என்றார்.

இச்சொற்களைக் கேட்டபோது நமக்கு ஸபா, மர்வாவின் நினைவு வந்தது. அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் பச்சிளங் குழந்தையின் தாகம் தீர்க்க நீர் தேடி அவ்விரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடினார்கள். இன்றும் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் அந்த ஓட்டத்தைத் தம் கால்களால் நினைவுகூர்கின்றனர். அன்னையார் ஓடிய வழியில் நீர் கிடைக்கவில்லை. ஓட்டம் தொடங்கிய இடத்தில், குழந்தையின் அருகே ஊற்று பெருகியது. ஓடாமல் அங்கேயே அமர்ந்திருக்கலாமே என்று எவரும் கூறத் துணியமாட்டோம். முயற்சி நம்முடையது, பலன் எங்கே, எப்போது சுரக்கும் என்பது அவனுடையது.

ஆகவேதான் இலக்கை அடையாதவர்களின் ஓட்டம் வீண் என்று கூற நாம் தயங்குகிறோம். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபவ்ஜா சிங் 2000ஆம் ஆண்டில், தம் 89ஆம் வயதில், இலண்டனில் முதன்முதலாக மாரத்தான் ஓடினார். 2011இல் கனடாவின் டொராண்டோ நகரில் நூறு வயதினராக முழுத் தொலைவையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி முடித்தார். ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் கின்னஸ் ஏடு அதனைப் பதிவு செய்யவில்லை. ஏடு எழுதவில்லை என்பதற்காக அவர் கடந்த தொலைவு குறைந்துவிடவில்லை. 2025ஆம் ஆண்டு தம் சொந்த ஊருக்கு அருகே சாலை விபத்தில் அவர் மறைந்தபோது உலகம் அவரை நினைவுகூர்ந்தது.

பதிவேடு எழுதினாலும் அது என்றும் துணை நிற்பதில்லை என்பதற்கு அல்ஜீரியாவில் பிறந்த பூகெரா எல் ஊஃபி சான்று. பாரிஸில் மோட்டார்த் தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்த அவர் 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 32 நிமிடம் 57 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். பின்னாளில் வறுமையிலும் மறதியிலும் வாழ்ந்து 1959இல் மறைந்தார். கைதட்டலுக்காக ஓடியவனுக்குக் கைதட்டல் ஓய்ந்தபின் என்ன எஞ்சும்?

கடிகாரமே வேண்டாம் என்போரும் உளர். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 2008இல் தொடங்கப்பட்ட மாரத்தான், நேரத்தையும் பரிசையும் முதன்மையாக்காமல் ஓட்டத்தின் மகிழ்வுக்காகவே ஓடச் சொல்வது. அதனையும் நாம் மதிக்கிறோம். நேரம் பார்ப்பதால் ஒருவனுக்குப் பெருமை மட்டுமே வளருமாயின் அவன் கடிகாரத்தைக் கழற்றி வைப்பதே நலம். ஆனால் நேரம் பார்ப்பதால் ஒருவன் தன்னைப் பற்றிய உண்மையைத் தானே கேட்டறியக் கற்றுக்கொள்வானாயின், அந்தக் கடிகாரம் அவனுக்கு ஒரு நல்ல ஆசிரியர்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். தனக்கென வகுத்துக்கொண்ட இலக்கு நற்பண்பாகுமா, வீண் பெருமையாகுமா என்பது அதை அடைந்ததையோ அடையாததையோ பொறுத்ததன்று. அடையாதபோது சொச்சத்தைச் சரியாகச் சொன்னோமா, அடைந்தபோது அதில் பிறருக்குரிய பங்கைச் சரியாக எழுதினோமா என்பதைப் பொறுத்ததே.

இது ஓடுபவருக்கு மட்டும் உரிய கணக்கன்று. ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில் நகையின் எடையை ஏறத்தாழ என்று மதிப்பிடும் கை நம்முடையது. தவறிப்போன தொழுகைகளை, கொஞ்சம்தான் என்று ஒதுக்கிவைக்கும் உள்ளமும் நம்முடையது. திருப்பித் தர வேண்டிய கடனைப் பெரும்பகுதி கொடுத்தாயிற்று என்று கூறும் நாவும் நம்முடையதே. எல்லோரிடமும் ஒரு சொச்சம் இருக்கிறது. அதனைக் கேட்பதற்குத் திண்ணையில் ஒரு பெரியவர் இல்லாதவர்கள், கேட்கும் நாள் ஒன்று உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

சென்னையிலிருந்து திரும்பிய அன்றிரவு மகன் தந்தையின் அருகே சென்று அமர்ந்தார். பெரியவர் வழக்கம்போலவே கேட்டார்: "சொச்சம் எவ்வளவு தம்பி?"

"மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம் பதினோரு விநாடி அத்தா."

பெரியவர் தலையை அசைத்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பின்னர், "சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.